இசையும் ஏடும் ஈந்த வடபுல மரம்



தமிழில் எழுத்தைச் சுற்றியுள்ள சொற்கள் பலவும் மரஞ்செடிகளிடமிருந்து வந்தவை. ஏடு, ஓலை, மடல், இதழ் என்னும் நான்கையும் எண்ணிப் பார்த்தாலே போதும். எழுதும் பரப்பைப் பனை தந்த காலத்தில் சொல்லுக்கும் பொருளுக்கும் இடையே தொலைவு இருக்கவில்லை. ஓலை தந்த மரம் ஊர்க்கோடியில் நின்றது. அதன் நுங்கைத் தின்றவனே அதன் ஓலையில் எழுதவும் செய்தான். அச்சு வந்தது. சொற்கள் அப்படியே நிற்க, பரப்பு மட்டும் மாறிப்போயிற்று. செய்தித்தாளுக்கென நெடுங்காலம் இந்தியத் துறைமுகங்களில் இறங்கிய தாளுருளைகள் கனடாவிலிருந்தும் ஸ்காண்டிநேவிய நாடுகளிலிருந்தும் கப்பலேறி வந்தவை. அவற்றுக்குத் தாயான மரத்தைத் தமிழ்க் கவிஞர் தம் ஊர்ப்புறத்தில் கண்டதில்லை. ஐந்திணைக் கருப்பொருள்களில் அதற்கு இடமில்லை. அம்மரத்தைப் பற்றியும், அது மனிதர்க்கு ஈந்தவற்றைப் பற்றியும், ஈந்ததை மனிதர் கையாண்ட முறையைப் பற்றியும் பேசுவதே இவ்வுரையின் நோக்கம். மரத்தின் பெயர் ஸ்புரூஸ்.

மரமும் மண்ணும்

ஸ்புரூஸ் என்பது பைன் குடும்பத்தைச் சேர்ந்த ஊசியிலை மரங்களின் ஒரு பேரினம். ஏறத்தாழ 35 சிற்றினங்கள் அதில் அடங்கும். அவை வட அரைக்கோளத்தின் குளிர்நாடுகளில் பரவியுள்ளன. இமயச் சரிவுகளிலும் அதன் உறவுகள் உண்டு. அவற்றுள் ஐரோப்பாவின் வாழ்வோடு மிகவும் பின்னிக் கிடப்பது நார்வே ஸ்புரூஸ். ஸ்காண்டிநேவியாவிலும் பால்டிக் நாடுகளிலும் வட ரஷியாவிலும் ஆல்ப்ஸ், கார்பேத்திய மலைகளிலும் அது இயற்கையாக வளர்கிறது. 1753இல் சுவீடன் நாட்டு லின்னேயஸ் அதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். பைசியா அபியஸ் என்ற இன்றைய பெயரை 1881இல் ஜெர்மானிய அறிஞர் கார்ஸ்டன் வழங்கினார்.

முதிர்ந்த மரம் 35 முதல் 55 மீட்டர் வரை உயர்ந்து நிற்கும். கோபுரம் போல் அடி அகன்று நுனி குவிந்த வடிவம்; கிளைகள் சற்றே தாழ்ந்திருப்பதால் பனிச்சுமை சரிந்து விழுந்துவிடும். இலை என்பது ஓர் அங்குலத்துக்கும் குறைந்த நாற்பட்டை ஊசி. ஒவ்வோர் ஊசியும் கிளையில் ஒரு சிறு முளைமேல் அமர்ந்திருக்கும். ஊசி உதிர்ந்த பின்னும் அம்முளை நிற்பதால் பட்ட கிளை அரம் போல் சொரசொரக்கும். கூம்புகள் 9 முதல் 17 செண்டிமீட்டர் நீளம் வளர்ந்து கீழ்நோக்கித் தொங்கும். இதற்கு நெருங்கிய உறவான ஃபர் மரத்தின் கூம்புகளோ கிளைமேல் நிமிர்ந்து நிற்கும். இவ்விரு அடையாளங்களையும் கொண்டு சிறுவரும் ஸ்புரூஸை இனங்காண்பர்.

மண் உறைந்த மாதங்களில் வேரால் நீர் உறிஞ்ச இயலாது. ஆதலால் இலைக்கு மெழுகுப் பூச்சும் சிறு உருவமும் வாய்த்திருக்கின்றன. ஓர் ஊசி பல ஆண்டுகள் மரத்திலேயே இருந்து பணி செய்யும். கோடை குறுகிய நாட்டில் ஆண்டுதோறும் புதிய இலைப்போர்வை நெய்துகொள்ள மரத்துக்கு வசதியில்லை. என்றும் பசுமை என்று வெளியார் வியப்பது உண்மையில் ஏழை ஒருவனின் சிக்கனம்.

புறத்தே வயிரம் உடையதைப் புல் என்றும் அகத்தே வயிரம் உடையதை மரம் என்றும் தொல்காப்பியம் பகுத்தது. அவ்வழக்கின்படி பனை புல்லினம். பனைக்கு ஆண்டு வளையம் இல்லை. ஸ்புரூஸோ ஒவ்வோர் ஆண்டையும் தன்னுள் ஒரு வளையமாக எழுதி வைக்கிறது. வேனில் தொடங்கும்போது வெளிறிய மென்மையான பகுதியும், வேனில் முடியும்போது கருத்துச் செறிந்த பகுதியுமாக ஒரு வளையம் உருவாகும். நல்ல ஆண்டில் வளையம் அகலும். கொடிய குளிரில் இழைபோல் மெலியும். ஓலையில் மனிதர் எழுதினர். இம்மரமோ எவரும் எழுதும் முன்பே தன் வரலாற்றைத் தானே எழுதிக்கொண்டது.

அவ்வரலாறு எவ்வளவு நீளும் என்பதற்குச் சுவீடனின் டாலர்னா மாநிலத்து ஃபூலுஃபெல் மலையில் ஒரு சான்று நிற்கிறது. ஏறத்தாழ 5 மீட்டரே உயர்ந்த, காற்றில் நைந்த ஒரு ஸ்புரூஸ் அது. லைஃப் குல்மன் என்னும் நில ஆய்வறிஞர் அதன் அடியில் கிடந்த பழைய மரத்துண்டுகளைக் கரிமக் கணிப்புக்கு அனுப்பினார். ஏறத்தாழ 9,550 ஆண்டுகள் என்ற விடை 2008இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. இறந்துபோன தம் நாயின் பெயரால் அம்மரத்தைப் பழைய டிஜிக்கோ என்று அவர் அழைத்தார். நிற்கும் அடிமரம் அத்தனை பழையதன்று. அதற்குச் சில நூறாண்டுகளே வயது. அடிமரம் பட்டால் வேரிலிருந்து மற்றொன்று எழும்; தாழ்ந்த கிளை மண்ணைத் தொட்டால் அங்கேயே வேர்விடும். பனிக்காற்று மிகுந்த காலங்களில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அது புதர்போல் தரையோடு படுத்துக் கிடந்தது. தட்பவெப்பம் இளகிய 20ஆம் நூற்றாண்டில்தான் மீண்டும் நிமிர்ந்தது.

இந்த மரத்திடம் மனிதர் பெற்றவை பல. வீட்டுக்குத் தூலமும் கூரைக்குப் பலகையும் கப்பலுக்குப் பாய்மரமும் அது தந்தது. பட்டை தோல் பதனிட உதவியது. பிசின் மருந்துப் பற்றாகவும் அடைப்புக் கீலாகவும் பயன்பட்டது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஜான் கர்ட்டிஸ் என்பவர் 1848இல் ஸ்புரூஸ் பிசினைக் காய்ச்சி மெல்லும் பண்டமாக விற்றார். இன்றைய சூயிங்கத்துக்கு அதுவே முன்னோடி. 1903இல் ரைட் சகோதரர் பறக்கவிட்ட வானூர்தியின் எலும்புக்கூடு ஸ்புரூஸ் மரத்தாலானது. நார்வே மக்கள் 1947 முதல் ஆண்டுதோறும் ஒரு ஸ்புரூஸ் மரத்தை வெட்டி இலண்டன் டிரஃபால்கர் சதுக்கத்துக்கு அனுப்பி வருகின்றனர். இரண்டாம் உலகப்போரில் கிடைத்த துணைக்கு அது நன்றிக் காணிக்கை. இத்தனை பயன்களுள்ளும் கலையோடு நேரே தொடர்புற்றவை இரண்டு. ஒன்று இசை, மற்றொன்று ஏடு. இவ்வவைக்கு உரியவை அவ்விரண்டுமே.

பலகை பாடும் விதம்

வயலின் என்னும் கருவியின் பின்பலகையும் பக்கங்களும் மேப்பிள் மரத்தால் ஆனவை. தந்திகளின் கீழே, குதிரை நிற்கும் மேற்பலகை மட்டும் ஸ்புரூஸ். கருவியின் குரல் பிறப்பது அப்பலகையில்தான். தந்தியின் அதிர்வு மிக மெலிது. அதைத் தானும் ஏற்று அதிர்ந்து, காற்றை அசைத்து, அரங்கத்தின் கடைசி வரிசைக்கு அனுப்பும் பணி பலகையுடையது. அதற்குப் பலகை இலேசாகவும் இருக்க வேண்டும். விறைப்பாகவும் இருக்க வேண்டும். இவ்விரு குணங்களும் ஒன்றாக வாய்ப்பது அரிது. இரும்பு விறைப்பானது, ஆனால் கனமானது. பல மென்மரங்கள் இலேசானவை, ஆனால் துவள்பவை. ஸ்புரூஸில் ஒரு கனமீட்டர் 400 கிலோகிராமை ஒட்டியே நிறுக்கும். ஆயினும் நார் ஓடும் திசையில் ஒலி அதனுள்ளே நொடிக்கு 5,000 மீட்டருக்கு மேல் பாய்கிறது. எஃகில் ஒலி செல்லும் வேகத்துக்கு அது ஏறத்தாழ ஈடானது.

வட இத்தாலியில் ஆல்ப்ஸ் மலையைச் சேர்ந்த ஃபியெம்மே பள்ளத்தாக்கும் அதனருகே பனெவெஜ்ஜோ காடும் இதற்குப் புகழ்பெற்றவை. பனெவெஜ்ஜோவை அம்மக்கள் வயலின்களின் காடு என்றே அழைக்கின்றனர். கிரெமோனா நகரத்துக் கைவினைஞர் மேற்பலகை மரத்தை அப்பகுதியிலிருந்து பெற்றனர் என்பது மரபு. மலையின் உயரத்தில், மண்வளம் குன்றிய சரிவில், குளிரோடு போராடி மெல்ல மெல்ல வளர்ந்த மரமே அவர்கள் தேடியது. அத்தகைய மரத்தில் வளையங்கள் நெருங்கியும் ஒரே சீராகவும் அமையும். வளமான தாழ்நிலத்தில் தளதளவென்று வளர்ந்த மரத்தை அவர்கள் நாடவில்லை. வெட்டிய மரத்தை நார் அறாமல் பிளந்து, ஆண்டுக்கணக்கில் நிழற்காற்றில் உலர்த்திய பின்னரே உளி பட்டது.

ஆண்டோனியோ ஸ்ட்ராடிவாரி 1644 அளவில் பிறந்து 1737இல் மறைந்தவர். சூரியனின் செயல் தணிந்து, ஐரோப்பா கடுங்குளிரில் உறைந்த 1645 முதல் 1715 வரையிலான காலம் அவர் வாழ்நாளின் பெரும்பகுதியை மூடியிருந்தது. அக்குளிரில் மரங்கள் வழக்கத்தினும் மெதுவாக வளர்ந்து செறிந்தமையே அவர் வயலின்களின் இனிமைக்கு ஒரு காரணமாகலாம் என்று 2003இல் அமெரிக்க ஆய்வாளர் இருவர் ஒரு கருத்தை முன்வைத்தனர். அது கருதுகோளே, கைத்திறனை வானிலையால் மட்டும் விளக்கிவிட முடியாது. ஆனால் வளையங்கள் சான்று கூறும் என்பதில் ஐயமில்லை. 1716இல் ஸ்ட்ராடிவாரி செய்ததாகக் கூறப்படும் மெசையா என்னும் வயலின் ஆக்ஸ்ஃபோர்டில் உள்ளது. அது போலியோ என்ற ஐயம் எழுந்தபோது, மேற்பலகையின் வளையங்களை எண்ணி ஆல்ப்ஸ் மலை மரங்களோடு ஒப்பிட்டனர். கடைசி வளையம் 1680களைச் சேர்ந்தது என்று தெரிந்தது; காலம் பொருந்திற்று. மரம் தான் எழுதிய ஏட்டைத் தானே அவையில் வாசித்துக் காட்டியது போன்ற நிகழ்ச்சி அது.

இவ்விடத்தில் தமிழிசைக்கும் ஓர் உறவு உண்டு. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் வயலினைக் கற்றுக் கருநாடக இசைக்குக் கொணர்ந்தார் என்பர். தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு அதில் வல்லவராய்த் திருவாங்கூர் அவையில் சிறந்தார். அவர்கள் பிடித்த வில்லுக்கு எதிரொலித்தது ஐரோப்பியக் கருவி. ஐரோப்பியக் கருவியின் மேற்பலகை இம்மரம். ஐந்திணையில் இடம்பெறாத மரம் அரங்கத்தின் வழியே தமிழர் செவிக்குள் குடிபுகுந்தது இவ்வாறே.

கந்தையிலிருந்து கட்டைக்கு

இசையை விட்டு ஏட்டுக்கு வருவோமாயின், மரம் வேறு கோலம் கொள்கிறது. ஐரோப்பாவில் தாள் என்பது 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை கந்தையிலிருந்தே செய்யப்பட்டது. கிழிந்த பருத்தி, லினன் துணிகளை ஊறவைத்து இடித்துக் கூழாக்கித் தாள் வார்த்தனர். படிப்போர் பெருகினர், நாளிதழ்கள் பெருகின, ஆனால் கந்தை பெருகவில்லை. தாளாலைகள் கந்தைக்கு அலைந்தன.

விடை காட்டில் குளவியிடம் இருந்தது. பிரெஞ்சு அறிஞர் ரெயோமூர் 1719இல் குளவிக்கூட்டை ஆராய்ந்து, அது மரநாரைச் சுரண்டி மென்று தாளால் வீடு கட்டுகிறது என்றும், மனிதரும் மரத்திலிருந்து தாள் செய்யலாகும் என்றும் குறிப்பிட்டார். அதன்பின் நூறாண்டுக்கு மேலாகியும் அக்குறிப்பு தொழிலாகவில்லை.

1843, 1844ஆம் ஆண்டுகளில் ஒருவரை ஒருவர் அறியாத இருவர், அட்லாண்டிக்கின் இரு கரைகளில் அதைச் செய்து காட்டினர். ஒருவர் ஜெர்மனியின் சாக்சனி நாட்டில் ஹைனிஷென் ஊரைச் சேர்ந்த ஃபிரீடிரிக் காட்லோப் கெல்லர். நெசவாளர் வீட்டுப் பிள்ளை. சுழலும் சாணைக்கல்லில் நீரூற்றி மரக்கட்டையை அழுத்தி அரைத்துக் கூழாக்கினார். உரிமம் பெற ஹைன்ரிக் ஃபோல்ட்டர் என்னும் தாளாலை வல்லுநரோடு கூட்டுச் சேர்ந்தார். உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டிய காலம் வந்தபோது கெல்லரிடம் பணம் இல்லை. உரிமை முழுவதும் ஃபோல்ட்டரிடம் போயிற்று. உலகத்து நாளிதழ்கள் அவர் கண்டுபிடிப்பின்மேல் அச்சாகிக் கொண்டிருக்க, கெல்லர் எளியவராகவே வாழ்ந்து 1895இல் மறைந்தார்.

மற்றவர் கனடாவின் நோவா ஸ்கோஷியாவைச் சேர்ந்த சார்லஸ் ஃபெனர்ட்டி. அவர் ஒரு கவிஞர்.

ஒரு கவிஞரின் தாள்

ஃபெனர்ட்டி 1821இல் பிறந்தவர். குடும்பத்தார்க்கு உழவும் மரம் அறுக்கும் தொழிலும் உண்டு. அறுத்த மரத்தை ஹாலிபாக்ஸ் நகருக்குக் கொண்டுசெல்லும் வழியில் ஒரு தாளாலை இருந்தது. கந்தை கூழாவதை இளமையிலேயே கண்டவர், தம் வீட்டு முற்றத்தில் குவிந்த கட்டையையும் அவ்வாறு ஆக்கலாகாதோ என்று எண்ணினார். பல ஆண்டு முயற்சிக்குப் பின் ஒரு சிறு தாள் கிடைத்தது. நார்வே ஸ்புரூஸுக்குத் தம்பிமுறையான வட அமெரிக்க ஸ்புரூஸ் மரத்திலிருந்து செய்த தாள் அது. 1844 அக்டோபர் 26இல் ஹாலிபாக்ஸ் நகரத்து அக்கேடியன் ரிக்கார்டர் இதழில் அவர் கடிதம் வெளிவந்தது. தாளின் மாதிரியையும் உடன் அனுப்பியிருந்தார். சணல், பருத்தித் தாள்களுக்கு இது உறுதியில் தாழ்ந்ததன்று என்பதும், காட்டு மரமே இனித் தாளுக்கு மூலப்பொருளாகும் என்பதும் அக்கடிதத்தின் சாரம்.

எவரும் பொருட்படுத்தவில்லை. அவரும் உரிமம் கோரவில்லை. 1850களின் இறுதியில் தங்கம் தேடிச் சென்றோரோடு ஆஸ்திரேலியாவுக்குப் போனார். சில ஆண்டுகளில் திரும்பி, ஊரில் சிறு பொறுப்புகள் வகித்து, கவிதை எழுதி, 1892இல் காலமானார்.

அவர் எழுதிய கவிதைகளுள் பெயர்பெற்றது பெட்டுலா நைக்ரா. அது 1855இல் நூலாயிற்று. அப்பெயர் ஒரு மரத்தினுடையது. ஆனால் ஸ்புரூஸ் அன்று, கரும்பிர்ச்சு மரம். எந்த மரத்தை அரைத்து உலகின் எழுத்துக்கு வழி திறந்தாரோ அதைப் பாடாமல், அருகே நின்ற வேறொன்றின் அழகைப் பாடினார். வட அமெரிக்காவில் மரக்கூழ்த் தாள் ஒரு தொழிலாக வேரூன்றியது 1860களின் பிற்பகுதியில்தான். ஆகவே அந்நூல் வெளிவந்த நாளில் அங்கே அச்சகங்களின் தாள் கந்தைத் தாளே. தம் கண்டுபிடிப்பின்மேல் தம் கவிதை அச்சாவதை அவ்வயதில் அவர் காணவில்லை. அவருடைய பெயரைக் கனடாவிலேயே பலர் அறியார். ஆனால் நாளிதழ் காசுக்குக் கிடைத்ததும், ஏழைச் சிறுவன் கையில் பாடநூல் வந்ததும், கவிதை அரண்மனையை விட்டுத் தெருவுக்கு இறங்கியதும் மரக்கூழால்தான் இயன்றன. தமிழில் காலணா ஏடுகளும் பெரிய எழுத்துக் கதைப்பாடல்களும் மலிவுப் பதிப்புகளும் பெருகிய வரலாற்றைத் தாளின் விலைவீழ்ச்சியை விட்டுவிட்டு எழுத இயலாது.

நொறுங்கும் தாள்

மலிவுக்கு ஒரு விலை இருந்தது. மரத்தில் நாரை நாரோடு பிணைத்து நிறுத்தும் பசை லிக்னின். ஸ்புரூஸ் கட்டையின் எடையில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேல் அதுவே. மரம் காற்றில் நிமிர்ந்து நிற்பது அதன் வலிமையால். கட்டையைக் கல்லில் அரைத்துச் செய்த தாளில் லிக்னின் முழுவதும் தங்கிவிடும். வெயிலும் காற்றும் பட்டதும் அது பழுக்கும். நாளிதழை இரு நாள் முற்றத்தில் போட்டுப் பார்த்தவர்க்கு இது தெரியும். மரத்தை நிமிர்த்தி நிறுத்திய பொருளே தாளைப் பாழாக்குகிறது.

இரண்டாவது கேடு அமிலம். மை ஊறிப் பரவாதிருக்கத் தாளுக்குப் பசையூட்ட வேண்டும். பழங்காலத்தில் விலங்குப் பசை ஊட்டினர். 1807இல் ஜெர்மானியரான மோரிட்ஸ் இல்லிக் பைன்பிசினையும் படிகாரத்தையும் கூழிலேயே கலக்கும் எளிய முறையை வெளியிட்டார். அது ஆலைக்கு உகந்தது. ஆனால் படிகாரம் தாளில் அமிலத்தை விட்டுச்சென்றது. அமிலம் நாரின் நீண்ட சங்கிலிகளை மெல்ல மெல்ல அறுத்தது. வெப்பமும் ஈரமும் மிக்க நாடுகளில் அவ்வறுப்பு மேலும் விரைவு. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் வில்லியம் பாரோ 1950களில் நடத்திய ஆய்வுகள், 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அச்சான நூல்களில் மிகப் பெரும்பாலானவை நெடுநாள் நில்லா என்று காட்டி நூலகர்களைத் திடுக்கிட வைத்தன.

பழைய புத்தகத்தைத் திறந்தால் எழும் இனிய மணத்தைக் கவிஞர் போற்றுவதுண்டு. அதன் ஒரு பகுதி வெனிலின். லிக்னின் சிதைவதால் எழுவது. 1874இல் ஹார்மன், டீமன் என்னும் ஜெர்மானிய வேதியியலார் ஊசியிலை மரச் சாற்றிலிருந்த ஒரு பொருளைக் கொண்டே வெனிலினைச் செயற்கையாக ஆக்கினர். பனிக்கூழின் மணமும் பழநூலின் மணமும் ஒரே மூலத்தைச் சேர்ந்தவை. நூலகத்தில் அம்மணம் எழுகிறது என்றால், அங்கே சில நூல்கள் அழிந்துகொண்டிருக்கின்றன என்று பொருள்.

இது தமிழுக்கு வெளியே நடந்த கதையன்று. உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராகத் தேடிச் செல்லரித்த ஓலைகளைச் சேர்த்துச் சீவக சிந்தாமணியை 1887இலும் புறநானூற்றை 1894இலும் அச்சேற்றினார். ஓலையின் அழிவிலிருந்து இலக்கியத்தைத் தாள் காத்தது. அதே நூற்றாண்டின் இறுதியிலும் அடுத்த நூற்றாண்டிலும் அச்சான எத்தனையோ தமிழ் நூல்களும் இதழ்களும் இன்று விரல் பட்டால் உதிர்கின்றன. கானாடுகாத்தானையும் காரைக்குடியையும் சூழ்ந்த செட்டிநாட்டில், கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் தனியொருவராகச் சேர்த்துக் காத்த நூற்றொகுதி 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயிற்று. அங்கே முதற்பணியாய் அமைந்தவற்றுள் ஒன்று நூல்களை நுண்படம் எடுப்பது. ஓலையைத் தாளுக்கு மாற்றியதுபோல் தாளைப் படச்சுருளுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. ஓலை சில நூற்றாண்டு நின்றது. மட்டத் தாளோ ஓர் ஆயுட்காலமும் நிற்பது ஐயமாயிற்று.

குற்றம் மரத்தினுடையதா

இவ்விடத்தில் ஒரு நேர்மையான வினா எழுகிறது. பனை நல்லது, ஸ்புரூஸ் கெட்டது என்று முடிவு கட்டலாமா? கூடாது. ஸ்புரூஸ் நார் 3 மில்லிமீட்டர் அளவு நீண்டது. அகன்ற இலை மரங்களின் நாரோ ஒரு மில்லிமீட்டரை ஒட்டியது. நீண்ட நார் ஒன்றோடொன்று நன்கு பின்னிக்கொள்ளும். ஆதலால் தாள் கிழியாது. அந்த நாரிலிருந்து லிக்னினை வேதிமுறையால் நீக்கும் வழியும் கண்டறியப்பட்டது. 1874இல் சுவீடனின் பெரிவிக்கில் கார்ல் டேனியல் எக்மன் சல்பைட் முறையில் கூழ் ஆக்கும் ஆலையைத் தொடங்கினார். பின்னர் சல்பேட் முறையும் வந்தது. அவ்வாறு தூய்மை செய்த கூழில், படிகாரத்தை விலக்கிச் சுண்ணக் கார்பனேட்டைச் சேர்த்தால் தாள் நூற்றாண்டுகளுக்கு நிற்கும். நிலைத்தாளுக்கு உரிய இலக்கணத்தை 1994இல் உலகத் தரநிர்ணய அமைப்பு 9706 என்ற எண்ணோடு வெளியிட்டது. தாளில் லிக்னின் பெரிதும் நீங்கியிருக்க வேண்டும். அமிலத்தைத் தணிக்கக் காரக் கையிருப்பு இருக்க வேண்டும். இரண்டும் பொறுமையும் செலவும் கேட்பவை.

ஆகவே ஒரே மரம். கடுங்குளிரில் மெதுவாக வளர விட்டு, நார் அறாது பிளந்து, ஆண்டுக்கணக்கில் உலர்த்தினால் 300 ஆண்டு பாடுகிறது. அவசரமாக அரைத்தால் ஐம்பது ஆண்டில் பொடியாகிறது. பக்குவமாகத் தூய்மை செய்தால் நூற்றாண்டுகள் எழுத்தைத் தாங்குகிறது. மரத்துக்கு எவ்வளவு காலம் கொடுக்கப்படுகிறதோ அவ்வளவு காலத்தை அது திருப்பித் தருகிறது.

காடு வளர்ப்பிலும் இதுவே நிகழ்ந்தது. சாக்சனியில் வெள்ளிச் சுரங்கங்களுக்கு மரம் போதாமல் காடுகள் அழிந்தபோது, சுரங்க அதிகாரி கார்லோவிட்ஸ் 1713இல் ஒரு நூல் எழுதினார். வளர்வதற்கு மேல் வெட்டாதீர் என்பதே அதன் உயிர்க்கருத்து. நிலைத்த பயன் என்று இன்று உலகம் பேசும் எண்ணத்துக்கு அது ஒரு மூலம். பின்வந்தோர் அவர் சொன்னதில் நடுவதை மட்டும் விரைந்து கைக்கொண்டனர். நேராகவும் விரைவாகவும் வளர்ந்து நல்ல விலை தரும் ஸ்புரூஸை அது இயற்கையாக வாழாத தாழ்நிலங்களிலும் வரிசை வரிசையாக நட்டனர். மேலோடிய வேர், ஒரே வயது, ஒரே இனம். 2018 முதல் 2020 வரை அடுத்தடுத்து வறட்சி வந்தபோது ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலையில் காடு காடாக அம்மரங்கள் பட்டுப்போயின. 5 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு பட்டைவண்டு அதைச் செய்து முடித்தது. நலமான மரம் துளையிடும் வண்டைப் பிசினால் அடைத்துக் கொல்லும். தாகத்தால் நலிந்த மரத்துக்குப் பிசின் சுரப்பதில்லை.

இசைக்காடும் தப்பவில்லை. 2018 அக்டோபர் இறுதியில் வயா என்னும் புயல் வடகிழக்கு இத்தாலியைத் தாக்கியது. ஏறத்தாழ 42,000 எக்டர் காட்டில் 85 இலட்சம் கனமீட்டர் அளவு மரம் சாய்ந்தது. பனெவெஜ்ஜோவிலும் ஃபியெம்மேயிலும் இசைப்பலகைக்கென முதிர்ந்து நின்ற மரங்களும் அவற்றுள் இருந்தன. சாய்ந்த மரங்களில் பெருகிய வண்டு, நின்ற மரங்களையும் பின்னர்த் தின்றது. அவ்விடத்தில் இன்று விழும் விதை, நல்ல மேற்பலகை தரும் மரமாக முதிர நூறு, இருநூறு ஆண்டு செல்லும். அதை நட்டவர் எவரும் அதன் ஒலியைக் கேட்கப்போவதில்லை. எனினும் அங்கே நடுகின்றனர்.

பத்தாண்டும் ஒரு வளையமும்

ஸ்புரூஸ் மரம் காட்டில் முதன்முறை கூம்பு ஈனுவதற்கு 30, 40 ஆண்டுகள் ஆகும். பத்து வயது ஸ்புரூஸ் இன்னும் குழந்தையே. ஓர் இலக்கிய வட்டத்துக்கோ பத்தாண்டு என்பது சிறிதன்று. எத்தனையோ கூட்டங்கள், கலைந்த நட்புகள், வாசிக்கப்பட்ட கவிதைகள், வாசிக்கப்படாமலே மடித்து வைக்கப்பட்டவை. அவற்றின் நினைவாக ஒரு மலர் வெளிவருகிறது. மலர் என்பதும் மரஞ்செடியின் சொல்லே. அம்மலரின் மெய் எதனால் ஆனது என்று கேட்டறிவது கவிஞர்க்கு அயலான வேலையன்று.

தமிழ்நாட்டில் தாள் இன்று பெரும்பாலும் வேறு வழியில் பிறக்கிறது. 1979இல் தொடங்கப்பெற்று 1984இல் உற்பத்திக்கு வந்த, இன்றைய கரூர் மாவட்டத்துப் புகளூர் ஆலை, ஆலைக்கரும்பின் சக்கையை மூலப்பொருளாக்கியது. சவுக்கும் தைலமரமும் துணை சேர்ந்தன. ஆயினும் உறுதி வேண்டிய தாள்களுக்கு வடபுலத்து நீள்நார்க் கூழ் இன்றும் இறக்குமதியாகிறது. மூலம் எதுவாயினும் இலக்கணம் ஒன்றே: லிக்னின் நீங்கிய கூழ், அமிலம் அற்ற பசை. நூல் அச்சிடும் கவிஞர் அச்சகத்தாரிடம் அட்டைப்படத்தைப் பற்றியும் எழுத்துருவைப் பற்றியும் மிகக் கேட்கின்றனர். தாள் அமிலமற்றதா என்ற ஒரு வினாவை மட்டும் கேட்பதில்லை. முந்நூறு படிகளே அச்சிடும் சிறு நூலுக்கு இவ்வினா மிகவும் இன்றியமையாதது. பெருநூல் மறுபதிப்புக் காணும்; சிறுநூலுக்கு முதற்பதிப்பே கடைசிப் பதிப்பாகிவிடும். ஊருக்கு ஒரு நூலகத்தில் நல்ல தாளில் ஒரு படி நிற்குமாயின், எவரோ ஒருவர் அறுபது ஆண்டு கழித்து அதைத் திறக்கும்போது எழுத்து உதிராது.

ஃபெனர்ட்டி தம் கடிதத்தோடு அனுப்பிய அந்தச் சிறு தாள்துண்டு எவர் கையிலும் பரிசு பெறவில்லை. அதன் பயனை அனுபவித்தவர் அவர் பெயரறியாத கோடிக்கணக்கான வாசகர். ஃபியெம்மே பள்ளத்தாக்கில் நாற்று நடுகிறவர்க்கும் அதுவே நிலை. தாம் கேளாத இசைக்கும் தாம் காணாத வாசகர்க்கும் உழைப்பது கவிஞர்க்குப் புதிதன்று. சங்கப் புலவருள் பலர் பெயரும் இன்றிப் பாடலாக மட்டுமே எஞ்சியுள்ளனர். அப்பாடல்கள் எஞ்சியது, யாரோ சிலர் தலைமுறைதோறும் பழைய ஓலை நைவதற்கு முன் புதிய ஓலையில் படியெடுத்து வைத்தமையால். அவர்கள் கவிஞர்கள் அல்லர். ஆனால் கவிதையின் ஆயுளை அவர்களே கொடுத்தனர். அப்பணி இப்போது அச்சிடுவோர் கையிலும், அச்சிடக் கொடுப்போர் கையிலும் இருக்கிறது.

வட்டத்தின் இரண்டாம் பத்தாண்டு செறிந்த வளையங்களாய் அமைக.